கூண்டைக் கழுவிய காரம்: பாலிகார்பனேட் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

1998 ஆகஸ்டு. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்துக் கிளீவ்லாந்து நகரம், கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகம். பாட்ரிசியா ஹன்ட் என்ற மரபியல் ஆய்வாளரின் கூடத்தில் பெண் சுண்டெலிகளின் கருமுட்டைகளை நுண்ணோக்கியில் வைத்து எண்ணிக்கொண்டிருந்தார்கள். தாயின் வயது ஏற ஏறக் கருமுட்டையில் குரோமோசோம் கணக்கு ஏன் பிசகுகிறது என்பது அவர்களுடைய கேள்வி. எந்தச் சோதனைக்கும் ஆளாக்காமல் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்றே சில எலிகளைத் தனியாக வளர்ப்பார்கள். அந்த எலிகளில் நூறு கருமுட்டை பார்த்தால் ஒன்றிலோ இரண்டிலோதான் கோளாறு தெரியும். அந்த மாதம் 40 முட்டைகளில் தெரிந்தது.

சோதனைக்கு உட்பட்ட எலிகளில் இப்படி வந்திருந்தால் அதையே கண்டுபிடிப்பு என்று எழுதிவிடலாம். எதுவும் செய்யாத எலிகளில் வந்ததால்தான் சிக்கல். முட்டையை வளர்க்கும் ஊட்டக் கரைசல், வெப்பப் பெட்டி, சாயமேற்றும் முறை என்று கூடத்துக்குள் இருந்ததையெல்லாம் முதலில் சந்தேகித்தார்கள். எதிலும் குறை இல்லை. பிறகுதான் கண் எலிகள் இருந்த வீட்டின் மேல் போனது. பிளாஸ்டிக் கூண்டுகளின் சுவர் மங்கிப் போயிருந்தது. தொட்டால் பிசுபிசுத்தது. தண்ணீர்ப் புட்டிகள் சில கசிந்தன.

கூண்டு கழுவும் அறையில் நடந்த பிழை அது. கூண்டுகளுக்கென்று இருந்த மென்மையான கழுவுநீர்மத்துக்குப் பதிலாக, தரை கழுவ வைத்திருந்த கடுங்காரச் சோப்புக் கரைசலை யாரோ ஊற்றிவிட்டார்கள். கூண்டும் புட்டியும் பாலிகார்பனேட்டால் ஆனவை. காரமும் சூடும் சேர்ந்து அந்தப் பிளாஸ்டிக்கை அரித்தன. அரித்த இடத்திலிருந்து பிஸ்பினால் ஏ என்ற பொருள் வெளியே வந்தது. எலிகள் அதைக் குடித்தன, நக்கின.

பிளாஸ்டிக் பொருட்களிலிருந்து வேதிப்பொருள் கசிந்து உடலைப் பாதிக்கிறது என்ற பேச்சு இப்போது வாட்ஸ்அப் வரை வந்துவிட்டது. அதில் பாதி மிகை, பாதி உண்மை. இந்த ஒரு நிகழ்வை அக்குவேறு ஆணிவேறாகப் பார்த்தால் எது எந்தப் பாதி என்று பிரித்தறிய வழி கிடைக்கும்.

பிளாஸ்டிக் எங்கே உடைகிறது

முதலில் ஒரு சொல் திருத்தம். பிளாஸ்டிக்கில் சேர்க்கப்படும் பொருள் வேறு, பிளாஸ்டிக்கே கட்டப்படும் செங்கல் வேறு. பி.வி.சி. குழாயை வளைய வைக்கும் தாலேட், நிறம், தீத்தடுப்பான், ஆக்சிஜன் தாக்காமல் காக்கும் பொருள் இவையெல்லாம் சேர்க்கைகள். பிளாஸ்டிக் என்பது சிறு மூலக்கூறுகளைக் கோத்த நீண்ட சங்கிலி. இவை அந்தச் சங்கிலிகளுக்கு நடுவே சும்மா உட்கார்ந்திருப்பவை. பிணைப்பு எதுவும் கிடையாது. எண்ணெயோ சூடோ பட்டால் நழுவி வந்துவிடும். பாலிகார்பனேட்டில் பிஸ்பினால் ஏ சேர்க்கை அல்ல, செங்கல். பி.வி.சி.யில் மட்டும் சில இடங்களில் அதையே சேர்க்கையாகவும் போடுவதுண்டு. செங்கல்தானே, அசையாது என்று பல ஆண்டுகளாக நம்பினார்கள்.

பிஸ்பினால் ஏ மூலக்கூறுகளைக் கார்பனேட் பிணைப்பால் கோத்தால் பாலிகார்பனேட். எடையைக் கணக்கிட்டால் பத்தில் ஒன்பது பங்கு அந்தச் செங்கல்தான். கண்ணாடி போலத் தெளிவு, தரையில் போட்டாலும் உடையாத உறுதி, ஏறத்தாழ 147 பாகை செல்சியஸ் வரை இளகாத தன்மை. பால் புட்டிக்கும் தண்ணீர்க் கேனுக்கும் ஆய்வகக் கூண்டுக்கும் இதைத் தேர்ந்தெடுத்ததில் வியப்பில்லை.

அதன் பலவீனம் அந்தக் கார்பனேட் பிணைப்பு. காரக் கரைசலில் இருக்கும் ஹைட்ராக்சைடு அயனி நேராக அதைத்தான் தாக்கும். சங்கிலியின் நடுவில் ஒரு வெட்டு விழுந்தால் ஒன்றும் வெளியேறாது. சங்கிலி இரண்டாகும், அவ்வளவே. பக்கத்துப் பிணைப்பும் வெட்டுப்பட்டால் நடுவில் இருக்கும் செங்கல் விடுதலையாகும். சங்கிலியின் முனையாக இருந்தால் ஒரே வெட்டு போதும். ஆகவே ஒவ்வொரு வெட்டும் புதிதாக இரண்டு முனைகளை உண்டாக்கி அடுத்த வெட்டை எளிதாக்கிவிடுகிறது. முதலில் மெதுவாகவும் பின்னர் வேகமாகவும் சேதம் நடப்பது இதனால்தான். அம்மோனியாவும் அமின் கலந்த கழுவுபொருட்களும் இதே வேலையைச் செய்யும். வெந்நீரும் செய்யும், ஆனால் மெதுவாக.

கண்ணுக்குத் தெரியும் அடையாளங்கள் மூன்று: மங்கல், நூல் நூலாக விரிசல், பிசுபிசுப்பு. மூன்றாவது தெரிந்தால் மேற்பரப்பே கரைந்துவிட்டது என்று பொருள். கிளீவ்லாந்துக் கூண்டுகள் அந்த நிலைக்குப் போயிருந்தன.

கருமுட்டையில் என்ன நடந்தது

சுண்டெலிக்கு 20 ஜோடி குரோமோசோம்கள். கருமுட்டை முதிரும்போது ஜோடிகள் பிரிந்து பாதி மட்டும் முட்டையில் தங்க வேண்டும். பிரிவதற்கு முன் எல்லா ஜோடிகளும் கதிர்க்கோலின் (அவற்றை இழுத்துப் பிரிக்கும் இழைக்கட்டின்) நடுத்தளத்தில் ஒரே வரிசையில் வந்து நிற்கும். கயிறு இழுக்கும் போட்டிக்கு முன் இரு அணியும் கோட்டில் நிற்பது போல. பாதிக்கப்பட்ட முட்டைகளில் ஜோடிகள் வரிசைக்கு வரவில்லை; அங்கங்கே சிதறிக் கிடந்தன. அப்படியே பிரிந்தால் ஒரு முட்டையில் ஒரு குரோமோசோம் கூடும், இன்னொன்றில் குறையும். மனிதர்களில் இதே பிசகு 21ஆம் குரோமோசோமில் நடந்தால் டவுன் நோய்க்குறி. வேறு பல குரோமோசோம்களில் நடந்தால் கரு நிற்காமலே கலைந்துவிடும்.

இந்தப் பொருள் ஏன் முட்டையைத் தொடுகிறது என்பதற்கு விடை 1936லேயே இருந்தது. லண்டனில் எட்வர்ட் டாட்ஸ், பிஸ்பினால் ஏ பெண் ஹார்மோனான எஸ்ட்ரோஜனைப் போல நடிப்பதைக் காட்டியிருந்தார். மருந்தாக்கப் பார்த்தவர்கள் அதைவிடப் பன்மடங்கு வலிமையான டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் கிடைத்ததும் இதைக் கைவிட்டார்கள். 1950களில் பிளாஸ்டிக் துறை இதே பொருளை எடுத்துக்கொண்டது. ஹார்மோன் போல நடிக்கும் ஒன்றைப் பால் புட்டிக்குச் செங்கலாக்குகிறோம் என்று அப்போது யாரும் பெரிதாக யோசித்ததாகத் தெரியவில்லை. செங்கல் அசையாது என்ற நம்பிக்கைதான் காரணம்.

விபத்தைத் திரும்ப நடத்திப் பார்த்தல்

கூண்டு கெட்டது, முட்டையும் கெட்டது. இரண்டும் ஒரே காலத்தில் நடந்ததாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது. ஆகவே ஹன்ட் குழு விபத்தை வேண்டுமென்றே திரும்ப நடத்தியது. நல்ல கூண்டுகளையும் புட்டிகளையும் அதே காரக் கரைசலில் கழுவிக் கெடுத்தார்கள். அவற்றில் எலிகளை வைத்தார்கள். அதே சிதறல் மறுபடியும் வந்தது.

அடுத்து கூண்டை விட்டுவிட்டு, பொருளை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். இளம் பெண் எலிகளுக்கு நாளொன்றுக்கு உடல் எடையில் கிராமுக்கு 20, 40, 100 நானோகிராம் என்று மூன்று அளவுகளில் பிஸ்பினால் ஏ, ஏறக்குறைய ஒரு வாரம், வாய் வழியாக. அளவு கூடக் கூடக் கோளாறும் கூடியது. 15 கிராம் எடையுள்ள எலிக்கு மிகக் குறைந்த அளவு என்பது நாளுக்கு 300 நானோகிராம். உப்புக்கல் ஒன்றை இருநூறு துண்டாக்கினால் ஒரு துண்டின் எடை ஏறத்தாழ அவ்வளவு.

இதில் கவனிக்க வேண்டியது அந்தக் குறைந்த அளவுதான். கிராமுக்கு 20 நானோகிராம் என்பது கிலோவுக்கு 20 மைக்ரோகிராம். அப்போது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, மனிதர் நாள்தோறும் வாழ்நாள் முழுதும் உட்கொண்டாலும் தீங்கில்லை என்று சொன்ன அளவு கிலோவுக்கு 50 மைக்ரோகிராம். தீங்கில்லாத எல்லைக்கும் கீழே எலியின் முட்டை கெட்டுவிட்டது. ஆய்வு 2003இல் ‘கரண்ட் பயாலஜி’ இதழில் வெளிவந்தது. சோப்பு மாறியதற்கும் கட்டுரை அச்சானதற்கும் இடையே ஐந்து ஆண்டு.

2007இல் அதே குழு இன்னொரு படி போனது. சூலுற்ற எலிக்குக் கொடுத்தால் அதன் வயிற்றிலிருக்கும் பெண் குட்டியின் சினைப்பையில் முட்டைகள் உருவாகும் கட்டத்திலேயே பிசகு தொடங்குவதைக் கண்டது. பெண் குழந்தை கருவில் இருக்கும்போதே அதன் முட்டைகள் உருவாகிவிடுகின்றன. ஆக, பாட்டி குடித்தது பேரக்குழந்தையின் குரோமோசோம் கணக்கைத் தொடுகிறது. 2012இல் ரீசஸ் குரங்குகளிலும் கருவிலிருக்கும் சினைப்பையில் மாற்றங்கள் தெரிந்தன.

இதற்கு முன்பே இரண்டு முறை

கிளீவ்லாந்து நிகழ்வு முதலாவது அல்ல. 1980களின் இறுதியில் பாஸ்டனில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் அனா சோட்டோவும் கார்லோஸ் சோனன்ஷைனும் மார்பகப் புற்றுச் செல்களை எஸ்ட்ரோஜன் இல்லாத திரவத்தில் வளர்த்தார்கள். எஸ்ட்ரோஜன் இல்லையென்றால் அவை பெருகக் கூடாது. பெருகின. குற்றவாளி, திரவத்தை வைத்திருந்த பாலிஸ்டைரீன் சோதனைக்குழாய். அதை உறுதியாக்க உற்பத்தியாளர் சேர்த்திருந்த நோனைல்பினால் கசிந்திருந்தது. இது அசல் சேர்க்கை. 1991இல் வெளியிட்டார்கள்.

1993இல் ஸ்டான்ஃபோர்டு. டேவிட் ஃபெல்ட்மன் குழு, ஈஸ்ட் தானே எஸ்ட்ரோஜன் போன்ற ஒன்றைச் சுரக்கிறது என்று எண்ணியது. ஈஸ்ட் இல்லாத வெறும் நீரை அதே பாலிகார்பனேட் குடுவையில், ஆட்டோகிளேவ் என்ற நீராவி அழுத்தக் கலத்தில் வேகவைத்தபோதும் அந்தப் பொருள் வந்தது. லிட்டருக்கு 2, 3 மைக்ரோகிராம் பிஸ்பினால் ஏ. சூட்டிலும் காரக் கழுவலிலும் இது கசியும் என்பது உற்பத்தியாளருக்கு முன்பே தெரியும். ஆனால் அவர்களது சோதனையால் நூறு கோடியில் 10 பங்குக்குக் கீழே அளக்க முடியாததால், இல்லை என்றே கருதிவந்தார்கள். செல்களுக்கோ அதைவிடக் குறைந்த அளவே போதுமானதாக இருந்தது.

மூன்று இடத்திலும் விஷயம் வெளிப்பட்டதற்குக் காரணம் ஒன்றுதான். அங்கே இயல்பு நிலை என்ன என்பதற்கு ஓர் எண் எழுதிவைக்கப்பட்டிருந்தது. ஒன்றிரண்டு 40 ஆனால் உறைக்கும். வீட்டுச் சமையலறையில் அப்படி ஓர் எண் கிடையாது. எல்லார் வீட்டிலும் இருக்கும் பொருள் என்பதால், ஒப்பிட்டுப் பார்க்கத் தொடாத ஆளும் கிடையாது. 2003, 2004ஆம் ஆண்டுகளில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஆறு வயதுக்கு மேற்பட்ட 2,517 பேரின் சிறுநீரைச் சோதித்ததில் 93 விழுக்காட்டினரிடம் பிஸ்பினால் ஏ இருந்தது. உடலில் அது தங்குவதில்லை; சில மணி நேரத்தில் பாதி போய்விடும், ஒரு நாளில் பெரும்பகுதி வெளியேறிவிடும். அப்படியிருந்தும் 93 என்றால் தினமும் உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது என்றுதான் பொருள்.

ஒத்துக்கொள்ளாதவர்கள்

மறுதரப்பையும் சொல்லாமல் விட முடியாது. 2008இல் ஐரோப்பாவில் இரண்டு குழுக்கள் எலிகளுக்கு இதே பொருளைக் கொடுத்து, குரோமோசோம் எண்ணிக்கை பிசகியதாகக் காணவில்லை என்று எழுதின. ஹன்ட் குழு 2009இல் ஒரு விளக்கம் தந்தது: எலித் தீவனம். சோயா கலந்த தீவனத்தில் தாவர எஸ்ட்ரோஜன்கள் உண்டு. எந்தத் தீவனம் என்பதைப் பொறுத்து பிஸ்பினாலின் விளைவு கூடவும் குறையவும் செய்கிறது. இது சாக்கு அல்ல, அளந்து காட்டப்பட்டது. ஆனால் தீவனம் மாறினாலே முடிவு மாறும் என்றால் மனிதருக்கு அப்படியே நீட்டிச் சொல்ல முடியாது என்ற வாதமும் அதிலேயே அடங்கியிருக்கிறது.

அமெரிக்க அரசின் கிளாரிட்டி என்ற பெருந்திட்டம் கிலோவுக்கு 2.5 முதல் 25,000 மைக்ரோகிராம் வரை ஐந்து அளவுகளில் எலிகளை ஆராய்ந்தது. உணவு மருந்து நிர்வாகம் 2018இல் அதைப் படித்து, விளைவு மிகச் சிறிது என்றது. அதே திட்டத்தில் பங்கெடுத்த பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பலர் மிகக் குறைந்த அளவிலேயே விளைவு தெரிகிறது என்றார்கள். தரவு ஒன்று, வாசிப்பு இரண்டு.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் எல்லை எப்படி நகர்ந்தது என்று பாருங்கள். 2006இல் நாளுக்குக் கிலோவுக்கு 50 மைக்ரோகிராம். 2015இல் 4. 2023 ஏப்ரலில் 0.2 நானோகிராம், ஒரே அடியில் 20,000 மடங்கு இறக்கம். அடித்தளம் நோய் எதிர்ப்புச் செல்கள் பற்றிய எலி ஆய்வு. ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் அதை ஏற்காமல் 200 நானோகிராம் என்று தனியாக நிறுத்திக்கொண்டது. இரண்டுக்கும் ஆயிரம் மடங்கு வித்தியாசம்.

இந்த எல்லைகள் வீட்டுக் கணக்கில் என்ன ஆகும்? நார்வேயில் 2003இல் 12 பாலிகார்பனேட் பால் புட்டிகளைப் பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போட்டு, 100 பாகை நீரை ஒரு மணி நேரம் வைத்து அளந்தார்கள். புதிய புட்டியில் லிட்டருக்கு 0.23 மைக்ரோகிராம். 51 முறை கழுவிய பிறகு 8.4. 169 முறைக்குப் பிறகு 6.7. இந்த 8.4ஐ எடுத்துக்கொள்வோம். 5 கிலோ குழந்தை நாளுக்கு முக்கால் லிட்டர் குடித்தால் கிலோவுக்கு 1.26 மைக்ரோகிராம். 2006 எல்லைப்படி இது நாற்பதில் ஒரு பங்கு, கவலையே இல்லை. 2015 எல்லைப்படியும் தேறிவிடும். ஜெர்மன் எல்லையைப் போல 6 மடங்கு. ஐரோப்பிய ஆணையத்தின் இன்றைய எல்லையைப் போல 6,300 மடங்கு. ஒரே பால், ஒரே புட்டி. ஒரு மணி நேரம் கொதிநீர் என்பது மிக மோசமான நிலை என்பதையும், எந்த வீட்டிலும் தினமும் அப்படி நடப்பதில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

எங்கள் கருத்து: எல்லை எங்கே என்ற சண்டை முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. கசிவு எப்போது கூடுகிறது என்பதில் சண்டை கிடையாது. அதைத் தடுப்பது மலிவு.

எப்போது கசிகிறது

சூடு முதலாவது. சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் 2008இல் குடிநீர்ப் புட்டிகளை அளந்தார்கள். அறை வெப்பத்தில் மணிக்கு 0.2 முதல் 0.79 நானோகிராம். கொதிநீர் ஊற்றியதும் அந்த வேகம் 55 மடங்கு வரை ஏறியது. வியப்பான இன்னொன்று: அறை வெப்பத்தில் பழைய புட்டிக்கும் புதியதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. நார்வே ஆய்வோ கழுவிய புட்டி பன்மடங்கு கசிகிறது என்கிறது. முரண்பாடு போலத் தெரியும், இல்லை. ஒன்று வெறும் வயது, மற்றொன்று இயந்திரத்தின் காரத்தூள் பட்ட வயது. பயன்படுத்தியதால் மட்டும் புட்டி கெடுவதில்லை. எதைக் கொண்டு கழுவினோம் என்பதில்தான் இருக்கிறது.

காரம் இரண்டாவது. பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்கான தூளில் சோடியம் கார்பனேட்டும் சிலிகேட்டும் உண்டு. சலவைச் சோடா, பிளீச்சிங் திரவம், துணி சோப்புத்தூள் எல்லாமே காரம். பாத்திரத் திரவச் சோப்புகள் பெரும்பாலும் நடுநிலையை ஒட்டியவை. கழுவியதைவிடச் சரியாக அலசாமல் காயவிடுவதுதான் பெரிய தவறு. நீர் ஆவியாக ஆவியாக எஞ்சியிருக்கும் சோப்புத்துளி கெட்டியாகிக் காரம் செறிகிறது. அடுத்த முறை சூடான பால் ஊற்றும்போது அந்த இடத்திலிருந்து வரும்.

மூன்றாவதை நம் ஊரில் யாரும் சொல்வதில்லை: தண்ணீரின் கடினத்தன்மை. சூரிச் நகர ஆய்வகம் 2009இல் இதைத்தான் முதன்மைக் காரணம் என்றது. பைகார்பனேட் மிகுந்த கடினநீரைக் கொதிக்கவைத்தால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி நீர் காரமாகிவிடும், பி.எச். 9ஐத் தொடும். போர்வெல் தண்ணீர் கொதித்தபின் பாத்திரத்தில் வெள்ளைப் படிவு விடுவது இதே வினையின் மறுபக்கம். அந்த நீரைப் புட்டிக்குள்ளேயே மைக்ரோவேவில் கொதிக்கவைத்தால் சூடும் காரமும் ஒன்றாக அதற்குள்ளேயே உண்டாகின்றன. எவர்சில்வர் பாத்திரத்தில் கொதிக்கவைத்து, ஆறிய பிறகு புட்டியில் ஊற்றினால் சூடு என்ற பாதிச் சிக்கல் தொலைகிறது.

சென்னையிலும் பிற நகரங்களிலும் வீடுதோறும் வரும் 20 லிட்டர் தண்ணீர்க் கேனை இங்கே பேசாமல் இருக்க முடியாது. நீலமும் தெளிவுமாய் கெட்டியாக இருக்கும் கேன்கள் பல பாலிகார்பனேட். மெலிந்து வளையும் கேன்கள் பெட் (PET) என்ற வேறு பிளாஸ்டிக். கேனைக் கவிழ்த்து அடியில் முக்கோணத்துக்குள் பாருங்கள். 7 அல்லது பி.சி. என்றிருந்தால் முதலாவது, 1 என்றிருந்தால் இரண்டாவது. 7 என்பது ‘மற்றவை’ என்ற கூடை எண், ஆகவே அதை மட்டும் வைத்து உறுதி சொல்ல முடியாது. கெட்டித்தன்மையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கேன் திரும்பத் திரும்ப நிரப்பப்படுகிறது, நிரப்பும் ஆலையில் ஒவ்வொரு முறையும் கழுவப்படுகிறது. அங்கே காரக் கரைசலும் வெந்நீரும் எவ்வளவு, எவ்வளவு நேரம் என்பது வாங்குகிறவருக்குத் தெரியாது. கேனின் உட்சுவர் சொல்லும். வெளியில் உராய்ந்த கீறல் பரவாயில்லை. உள்ளே பால் படர்ந்தாற்போல மங்கலோ நூல் விரிசலோ இருந்தால் வேறு கேன் கேளுங்கள். வெயிலில் நின்ற வண்டியிலிருந்து இறங்கியது, வாரக்கணக்கில் மூலையில் நின்றது இரண்டையும் தவிர்ப்பது நல்லது. வந்ததும் மண்பானையிலோ எவர்சில்வர் குடத்திலோ மாற்றிவிட்டால் தங்கும் நேரம் குறையும். ஆனால் ஒரு கேனால் வரும் அளவைப் பூதாகரமாக்க வேண்டாம். அறை வெப்பத்தில் கசிவு சொற்பம்.

அதைவிடப் பெரிய வழி உணவு டப்பா. தகர டப்பாவின் உட்பூச்சு நெடுங்காலம் எபாக்சி என்ற பிசினாக இருந்தது, அதன் செங்கலும் பிஸ்பினால் ஏ. டப்பாவை மூடிய பிறகு உணவோடு சேர்த்தே வேகவைக்கிறார்கள். ஹார்வர்டில் 2011இல் 75 பேருக்கு ஐந்து நாள் தினம் ஒரு கிண்ணம் டப்பா சூப்பும், இடைவெளி விட்டு ஐந்து நாள் புதிய சூப்பும் கொடுத்தார்கள். டப்பா வாரத்தில் சிறுநீரில் லிட்டருக்கு 20.8 மைக்ரோகிராம், புதிய சூப் வாரத்தில் 1.1. நம் சமையலில் டப்பா உணவு குறைவு. வெளிநாட்டில் வாழும் தமிழர் வீடுகளில் தக்காளியும் கொண்டைக்கடலையும் தேங்காய்ப்பாலும் டப்பாவில்தான் வருகின்றன.

பெயர் மாறிய செங்கல்

2008இல் கனடா முதலில் அசைந்தது. 2011இல் ஐரோப்பிய ஒன்றியம் பாலிகார்பனேட் பால் புட்டியைத் தடுத்தது. 2012இல் அமெரிக்கா. இந்தியத் தர நிர்ணய அமைவனமும் 2015இல் பால் புட்டிக்கான தர விதியில் பிஸ்பினால் ஏ கூடாது என்றது. ‘பி.பி.ஏ. இல்லாதது’, அதாவது பிஸ்பினால் ஏ இல்லாதது, என்ற முத்திரை கடைகளை நிறைத்தது. அந்த முத்திரை எது இல்லை என்று மட்டும்தான் சொல்லும்.

ஹன்ட் இதற்குள் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறியிருந்தார். பழைய அனுபவத்தால் கூண்டுகள் பாலிசல்போனுக்கு மாற்றப்பட்டிருந்தன. சூடும் காரமும் தாங்குவதில் அது பாலிகார்பனேட்டைவிட மேலானது. இளகும் நிலையே 185 பாகைக்கு அருகில். சில ஆண்டுகள் கழித்து ஒப்பீட்டு எலிகளின் எண்கள் மறுபடி ஆடின. இம்முறை எல்லாக் கூண்டிலும் இல்லை, சிலவற்றில் மட்டும். அந்தக் கூண்டுகளின் சுவரில் வெள்ளையாக ஒரு படிவு. சோதித்தபோது பிஸ்பினால் எஸ் இருந்தது. பிஸ்பினால் ஏக்கு மாற்றாக உலகம் முழுக்கப் பரவிய அதே பொருள்.

திரும்பவும் அதே முறை: வேண்டுமென்றே கொடுத்துப் பார்த்தல். பிஸ்பினால் எஸ், எஃப், ஏஎஃப், கூடவே டைபினைல் சல்போன். பெண் எலியின் முட்டையிலும் ஆண் எலியின் விந்தணு உருவாக்கத்திலும் பிஸ்பினால் ஏ போன்ற மாற்றங்களே தெரிந்தன. ஆண் வழியில் சில விளைவுகள், மேற்கொண்டு எதுவும் கொடுக்காமலே மூன்றாம் தலைமுறை வரை நீடித்தன. 2018இல் இதுவும் ‘கரண்ட் பயாலஜி’யிலேயே வந்தது. ஒரே ஆய்வாளருக்கு இருபது ஆண்டுக்குள் ஒரே விபத்து இரண்டு முறை.

மூலக்கூறின் வடிவத்தைப் பார்த்தால் வியப்பு இல்லை. இரண்டு பினால் வளையம், நடுவே ஒரு பாலம். ஏ-யில் பாலம் கார்பன், எஸ்-இல் கந்தகம். செல்லில் ஹார்மோன் வந்து பொருந்தும் இடமான ஏற்பியைத் தொடுவது வளையங்கள்தான். அவை அப்படியே இருக்கின்றன. தடை பெயரின் மேல் விழுந்தது, வடிவத்தின் மேல் விழவில்லை. பிஸ்பினால் எஸ் ஐரோப்பிய வேதிப்பொருள் முகமையின் மிகுந்த கவலைக்குரிய பொருட்கள் பட்டியலில் 2023 ஜனவரியில்தான் ஏறியது. 2024 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் உணவைத் தொடும் பொருட்களில் பிஸ்பினால் ஏயை ஏறக்குறைய முழுதாகத் தடுத்தபோது, ஆபத்தானவை என வகைப்படுத்தப்பட்ட மற்ற பிஸ்பினால்களையும் விதிக்குள் சேர்த்தது.

கடையில் பால் புட்டி எடுக்கும்போது முத்திரையை விட்டுவிட்டுப் பிளாஸ்டிக்கின் பெயரைத் தேடுங்கள். பால் படர்ந்த மங்கலாய், அடியில் 5 என்றிருந்தால் பாலிபுரொப்பிலீன்; அதன் சங்கிலியில் பினால் வளையமே கிடையாது. சேர்க்கைகள் அதிலும் உண்டு என்பதால் கொதிக்கும் பாலை நேராக ஊற்ற வேண்டாம். தேன் நிறத்தில் தெளிவாக இருந்தால் சல்போன் வகை, அதில் பி.இ.எஸ். என்று எழுதியிருந்தால் அதன் செங்கல் பிஸ்பினால் எஸ்தான். பி.பி.எஸ்.யூ. என்றிருந்தால் நிறம் அதே, செங்கல் வேறு. கந்தகப் பாலம் போட்ட பிஸ்பினால் அதில் இல்லை. கண்ணாடிப் புட்டிக்கும் எவர்சில்வர் பாலாடைக்கும் இந்த ஆராய்ச்சி எதுவும் வேண்டியதில்லை. கண்ணாடியில் ரப்பர் காம்பை மட்டும் ஒட்டும் பதம் வந்ததும் மாற்றிவிட வேண்டும்.